பங்கு விலை சரிந்தால் அது மோசடியா?

கேள்வி: வளர்ப்புப் பிராணிகளுக்கான மருந்துகளை இணையத்தில் விற்கும் பெட்மெட் எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது 2017இல் பங்குதாரர்கள் மோசடி வழக்குத் தொடுத்ததாகப் படித்தேன். மருந்து விற்பனையில் தவறு இருந்தால் அதை விசாரிக்க வேண்டியது அரசு அல்லவா? பங்கு வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டதாக எப்படிச் சொல்ல முடியும்?
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஐயம் வழக்கின் மையத்தையே தொடுகிறது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த இந்நிறுவனத்தின் பங்குகள் நாஸ்டாக் சந்தையில் விற்பனையாகின்றன. 2017 ஆகஸ்டில் ஆரேலியஸ் வேல்யூ என்ற ஆய்வு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. டிராமடால் போன்ற மருந்துகளைப் போதைக்காகத் தேடுகிறவர்களை நிறுவனத்தின் இணைய விளம்பரங்கள் ஈர்க்கின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. நாய்களின் வலிக்குத் தரப்படும் டிராமடால் மனிதர்களுக்கும் தரப்படும் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல் செயல்படும் வலிநிவாரணி வகை மருந்து. 2014 ஆகஸ்டு முதல் அமெரிக்க மத்திய அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அறிக்கை வந்ததும் பங்கு விலை சரிந்தது, வழக்குகளும் தொடர்ந்தன.

இத்தகைய வழக்குகள் 1934ஆம் ஆண்டுப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 10(பி) பிரிவை நம்பி நிற்பவை. மருந்தைத் தவறாக விற்றார்கள் என்று காட்டினால் மட்டும் அங்கே போதாது. நிறுவனத்தின் விற்பனை வளர்ச்சிக்கான காரணத்தை முதலீட்டாளர்களிடம் மறைத்தோ திரித்தோ சொன்னார்கள், பொய்யென்று அறிந்தோ பொறுப்பற்ற அலட்சியத்தோடோ சொன்னார்கள், அந்தப் பொய் வெளிப்பட்டதால்தான் விலை விழுந்தது என்ற மூன்றையும் வழக்காடுபவர் நிறுவ வேண்டும். மனுவிலேயே இவற்றை விவரமாகச் சொல்லாவிட்டால், நிறுவனத்தின் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் கட்டத்துக்குப் போகும் முன்பே வழக்கு தள்ளுபடியாகிவிடலாம்.

மூன்றாவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். அறிக்கை வெளியிட்டவர் ஷார்ட் செல்லராக இருந்தால், அதாவது விலை விழுந்தால் லாபம் பெறும்படி பங்கைக் கடன் வாங்கி முன்கூட்டியே விற்று வைத்தவராக இருந்தால், அவர் வெளிக்கொணர்ந்தது புதிய உண்மையா, ஏற்கெனவே ஊரறிந்த தகவல்களை அடுக்கித் தந்த கருத்தா என்று நீதிமன்றம் கேட்கும். ஃபுளோரிடாவுக்கும் பொருந்தும் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், செயின்ட் ஜோ என்ற நில நிறுவனம் தொடர்பான வழக்கில் 2013இல் தந்த தீர்ப்பு இங்கே முக்கியமானது. பிரபல முதலீட்டாளர் டேவிட் ஐன்ஹார்ன் அந்நிறுவனத்தை விமர்சித்துப் பேசியதும் பங்கு சரிந்தது. ஆனாலும் பொதுவெளியில் இருந்த தகவல்களிலிருந்தே அவர் தம் முடிவுகளை எடுத்ததால், மறைக்கப்பட்ட உண்மை அன்று வெளிப்பட்டதாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். இது கறாரான நிலைப்பாடு என்றே நினைக்கிறேன். சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கச் சாதாரண முதலீட்டாளருக்கு நேரமும் பயிற்சியும் ஏது? இருந்தாலும் அங்குள்ள சட்டம் அதுதான்.

கேள்வி: விலை சரிந்த உடனே சட்ட நிறுவனங்கள் கடைசி நாள் குறித்து அறிவிப்பு வெளியிடுகின்றன. நூறு பங்கு வைத்திருப்பவர் அதற்குள் பெயர் தராவிட்டால் இழப்பீடு போய்விடுமா?
— அதே வாசகர்

பதில்: போகாது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கு குறித்த அறிவிப்பு வெளியானதிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டியவர், இழப்புக் கண்ட பங்குதாரர்களின் குழு முழுவதற்கும் முன்நின்று வழக்கை நடத்த விரும்பும் முதன்மை வழக்காளி மட்டுமே. பெரும் இழப்புக் கண்டவருக்கே அதில் முன்னுரிமை என்பதால், அந்த அறிவிப்புகள் உண்மையில் தேடுவது ஓய்வூதிய நிதியம் போன்ற பெரிய முதலீட்டாளர்களைத்தான். மற்றவர்கள் ஒன்றும் செய்யாமலே குழுவில் இருப்பார்கள். பின்னாளில் சமரசம் ஏற்பட்டால், வாங்கிய, விற்ற விவரங்களுடன் கோரிக்கைப் படிவத்தை அப்போது குறிக்கப்படும் தேதிக்குள் அனுப்ப வேண்டும்; ஆகவே தரகர் தந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பொய் சொல்லப்பட்டதாகக் கூறப்படும் காலத்துக்கு முன்பே பங்கை வாங்கி, விற்காமல் வைத்திருந்தவருக்கு மட்டும் இதில் இடமில்லை. வாங்கியவரோ விற்றவரோதான் வழக்காட முடியும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.