செல் சவ்வு ஏற்பியில் மருந்து ஒட்டுவதைச் சென்சார் தகட்டில் எப்படி அளக்கிறார்கள்?

கண்ணுக்கே தெரியாத மருந்து மூலக்கூறு, செல் சவ்வில் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டியதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்பதுதானே கேள்வி? நம்ம வேலந்தாவளம் ரோட்டில் தேங்காய் லோடு ஏறும் எடைமேடையை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே எடைமேடை, கண்ணாடிமேல் பூசிய சுமார் 50 நானோமீட்டர் தங்கப் படலம். கீழிருந்து ஒளி அடித்தால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பிரதிபலிப்பு மங்கும். மேலே ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். சதுர மில்லிமீட்டருக்கு ஒரு பிக்கோகிராம் புரதம் ஏறினால் கருவி தோராயமாக ஓர் அலகு காட்டும்.

தலைவலி தருவது அந்த ஏற்பிதான். பல மருந்துகள் ஒட்டும் ஜி-புரத ஏற்பி என்ற வகை கொழுப்புச் சவ்வை ஏழு தடவை ஊடுருவி நிற்பது. சோப்பு மாதிரியான டிடர்ஜென்ட் போட்டு வெளியே இழுத்தால் பல நேரம் உருக்குலைந்துவிடும். அதனால் வட்டமான ஒரு துண்டுச் சவ்வோடு, சுற்றிப் புரதப் பட்டை கட்டி, நானோடிஸ்க் என்ற குட்டித் தட்டாகத் தங்கத்தின்மேல் பதிக்கிறார்கள். என் கணக்கில் பாதி வேலை இதுதான்.

பிறகு மருந்தை ஓடவிட்டால் அந்தக் கோண நகர்வைக் காட்டும் வரைபடக் கோடு ஏறும், வெறும் கரைசல் விட்டால் இறங்கும். இறங்கும் (பிரியும்) வேக மாறிலியை ஏறும் (ஒட்டும்) வேக மாறிலியால் வகுங்கள். விடை சின்னதானால் பிடி இறுக்கம்.

ஏற்பி இல்லாத பக்கத்துத் தடத்தையும் ஓட்டிக் கழிக்க மறக்காதீர்கள். மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவம் துளி கூடினாலே கோடு குதிக்கும். அதைப் பிணைப்பு என்று நம்பி நானே ரெண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்திருக்கிறேன்.