அப்பா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், முன்பு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய காது இரைச்சலுக்கு ஜிங்கோ (ஒரு மரத்தின் இலைச்சாறு) மாத்திரை கொடுக்கலாமா?

ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்கிறீர்களே, அப்படியென்றால் வேண்டாம். ஜிங்கோவும் சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடலாம். பலனும் பெரிதாக இல்லை: அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதலே காது இரைச்சலுக்கு இதைப் பரிந்துரைக்காதீர்கள் என்கிறது. கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதால் தீங்கில்லை என்று ஆகிவிடாது.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர் என்றால், அங்குள்ள பெருஞ்சத்தத்தால் வந்த செவித்திறன் குறைவுதான் என் முதல் சந்தேகம். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா, கவனியுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டினால் குறும்பி அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் செவிப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். செவிக்கருவி போட்டதும் பலருக்கு இரைச்சலின் தொல்லை குறைகிறது. அதுவரை ராத்திரியில் மின்விசிறி ஓடட்டும், அந்தச் சத்தமே கொஞ்சம் உதவும்.

இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.