‘ட்ரெயினிங் முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்று சொன்னால்?

கேள்வி: எனக்கு 22 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். ஏ.எல். முடித்து ஹோட்டல் கோர்ஸ் ஒன்றும் செய்திருக்கிறேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டுவர்ட் (மேசைக்குப் பரிமாறும்) வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன், எடுத்துவிட்டார்கள். மார்ச் மாதம் வரச் சொல்கிறார்கள். முதல் ஆறு மாதம் ட்ரெயினிங்காம். அதுவரை மாதம் 25,000 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. நியமனக் கடிதம் ஆறு மாதம் முடிந்துதான், அதன் பிறகு 40,000. சர்ட்டிபிகேட் ஒரிஜினல்களை ஒப்படைக்க வேண்டும், ஒரு வெற்றுத்தாளிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதிகம் கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். என்ன செய்ய?

பதில்: வேலையை விட வேண்டாம். ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம். இது ஒன்றைப் பிறகு தீர்க்க முடியாது. நாளைக்கு அந்தத் தாளில் ‘என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று நிரப்பினால் நீங்கள் ராஜினாமா செய்ததாகிவிடும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம். தானாக விலகியவருக்கு அங்கே சொல்ல அதிகம் இல்லை. ‘நீங்கள் என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள் சேர், எழுதியே கையெழுத்து வைக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தத் தாள் மேசைக்குள் போய்விடும்.

ஒரிஜினல்களும் அப்படித்தான். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், போட்டோ பிரதியைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் கையோடு கொண்டு வாருங்கள். அடையாள அட்டையை ஒரு நாளும் கொடுக்கக் கூடாது. சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருப்பது, வேறு ஹோட்டல் கூப்பிட்டாலும் உங்களைப் போகவிடாமல் செய்யும் பூட்டு. கட்டாயம் வேண்டும் என்றால், என்னென்ன பத்திரம், எந்தத் திகதியில் பெற்றார்கள் என்று கையெழுத்துடன் ஒரு துண்டாவது வாங்குங்கள்.

இனி ட்ரெயினிங். அந்தச் சொல்லைப் போட்டதால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடவில்லை. சீசனில் ஐந்து மேசைக்குப் பரிமாறுபவர் ஊழியர்தான். (அரசாங்கப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்தில் வருபவர் விஷயம் வேறு, நீங்கள் அப்படி வரவில்லை.) தற்காலிகம், தகுதிகாண் காலம், பயிலுநர் என்று எந்தப் பெயரில் எடுத்தாலும் ஈ.பி.எப். முதல் நாளிலிருந்தே. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தன் பங்காக 12 சதவீதம், அதற்கு மேல் ஈ.ரி.எப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) 3 சதவீதம். பின்னைய இரண்டையும் உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. மாதம் 8 சதவீதத்தை வெட்டாமல் விட்டுவிட்டு, பிறகு மொத்தமாகக் கழிக்கவும் முடியாது. அந்தப் பங்கும் முதலாளி தலையில்தான்.

25,000 என்பதும் சரிவராது. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. ‘சாப்பாடும் ரூமும் தருகிறோமே’ என்பார்கள். சாப்பாட்டைக் காட்டி வேதனத்தைக் குறைக்கும் கணக்கை ஏற்காதீர்கள். சொல்லப்போனால் நிறுவனம் தரும் சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எப். கணக்கில் உழைப்பாகச் சேர வேண்டியது. ஓ.டி. (மேலதிக நேரப் பணம்) சேராது.

30,000 என்றே வைத்தாலும் ஈ.பி.எப். இரண்டு பங்கும் 6,000, ஈ.ரி.எப். 900. மாதம் 6,900 படி ஆறு மாதத்துக்கு 41,400 ரூபாய். அதில் 27,000 முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது.

ஏன் சரியாக ஆறு மாதம்? பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஏப்ரல் சீசனுக்கு ஆள் எடுத்து, கூட்டம் குறைந்ததும் அனுப்ப நினைப்பவருக்கு 180 நாள் ஒரு எல்லைக் கல். எல்லா ஹோட்டலும் அப்படி என்றில்லை. ஆனாலும் மார்ச்சில் எடுத்து ‘கடிதம் செப்டெம்பரில்’ என்றால் அந்தக் கணக்கும் உள்ளே இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதது கடிதத்தில் உள்ள திகதி. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் (தங்குமிட ஹோட்டலும் இதற்குள் வரும்) வேலையில் சேரும்போதே விபரங்களை எழுத்தில் தர வேண்டும்: பதவி, நியமனத்தின் தன்மை, அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், வேலை நேரம், ஓ.டி. வீதம், லீவு, விலகும் நிபந்தனை. கடிதம் பிந்தி வந்தாலும் பரவாயில்லை, நியமனத் திகதி நீங்கள் சேர்ந்த நாளாக இருக்க வேண்டும். மார்ச்சில் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள் வருடாந்த லீவு. கடிதம் செப்டெம்பர் என்று சொன்னால் அது 7 நாள். ஒக்டோபருக்கு நழுவினால் 4. பணிக்கொடைக்கு (விலகும்போது கிடைக்கும் மொத்தத் தொகைக்கு) தேவையான ஐந்து வருடத்திலும் அந்த அரை வருடம் கழிந்துவிடும்.

கேட்கும் விதம்தான் முக்கியம். சட்ட இலக்கம் சொல்லிக் கேட்டால் எச்.ஆர். காரர் முறுக்கிக்கொள்வார். வட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: ‘சேர், மார்ச் முதலாம் திகதி ஸ்டுவர்ட்டாக வேலைக்கு வரச் சொன்னீர்கள், நன்றி. சம்பளக் கணக்கு திறக்க வேண்டும், கடிதம் அன்றைக்கே கிடைக்குமா? ஈ.பி.எப். பதிய அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு வரவா?’ அவர் ‘ஓகே’ என்று மட்டும் போட்டாலும் சேர்ந்த திகதியும் பதவியும் எழுத்தில் விழுந்துவிட்டது. அந்த உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஈ.பி.எப். பதியும்போது பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) இன்னொன்று என்று இருந்ததால் பென்ஷன் வயதில் அம்மாமாரும் அப்பாமாரும் சத்தியக்கடதாசியோடு அலைவது நம் பக்கம் தெரிந்த கதைதான். அடையாள அட்டையில் உள்ளபடியே, முதலெழுத்து உட்பட, எழுதச் சொல்லுங்கள்.

வேலை நேரம் சாப்பாட்டு இடைவேளை தவிர நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. 40,000 சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்கினால் மணிக்கு 250 ரூபாய். வந்த நேரம், போன நேரத்தை ஒரு சின்னக் கொப்பியில் தினமும் எழுதுங்கள். ஏப்ரலில் கணக்குத் தவறுவது இந்த இடத்தில்தான். சேர்விஸ் சார்ஜ் எப்படிப் பங்கிடுவார்கள், ட்ரெயினிங் காலத்தில் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். போயாவில் வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம். தைப்பொங்கல் சம்பளத்துடன் கூடிய லீவு; தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை, அதற்கு உங்கள் லீவில் ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள்.

சேர்ந்து இரண்டு மாதமாகியும் கடிதமும் இல்லை, ஈ.பி.எப். இலக்கமும் இல்லை என்றால் தொழில் அலுவலகத்துக்கு எழுதலாம். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். அதற்கு முன் போனால் ‘இன்னும் நாள் இருக்கு’ என்பார்கள். வீடு இருக்கும் இடம் பார்க்காமல் வேலை செய்யும் இடத்துக்குரிய அலுவலகத்துக்கே போங்கள், உங்களுக்கு அது நுவரெலியா. தமிழில் எழுதலாம். ஹோட்டலின் பெயர், முகவரி, சேர்ந்த திகதி, பதவி, பெற்ற சம்பளம், கேட்பது என்ன என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். இன்னும் அங்கே வேலை செய்கிறீர்கள் என்றால் ‘என் பெயரை வெளியிட வேண்டாம்’ என்ற வரியைச் சேருங்கள். ஒரே ஸ்டுவர்ட்டாக இருந்தால் யார் எழுதியது என்று தெரியவரும், அப்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதுவது நல்லது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் விடுதி அறையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.