பல்லி ஒட்டுவதும் விடுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வளிமண்டல அழுத்தம் நடத்தும்போது, பல்லியின் காலடியில் வெற்றிடம் உண்டாவதால் அது சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று உதாரணம் சொல்வது வழக்கம். இந்த முறை ஒரு மாணவி, “அப்ப காற்றே இல்லாத இடத்துல பல்லி விழுந்துடுமா மிஸ்?” என்று கேட்டாள். இன்னொருவன், செத்த பல்லிகூட சுவரில் ஒட்டியே இருக்கிறதே என்றான். என்னிடம் பதில் இல்லை. உண்மையில் பல்லி எப்படி ஒட்டுகிறது? அதேபோல் கையுறை செய்து மனிதர்கள் ஏன் சுவர் ஏற முடிவதில்லை? பள்ளியில் செலவில்லாமல் செய்துபார்க்க ஏதாவது உண்டா?

ம., தென்காசி

அன்புள்ள ம.,

உங்கள் மாணவி கேட்ட கேள்வியை ஜெர்மனியில் டெல்லிட் என்ற ஆய்வாளர் 1934-லேயே சோதித்திருக்கிறார். காற்றை வெளியேற்றிய பிறகும் பல்லியின் கால் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வெற்றிட விளக்கம் அத்தோடு முடிந்துபோனது. நிலைமின்னாக இருக்கலாமோ என்று எக்ஸ் கதிர்களால் சுற்றியுள்ள காற்றை அயனியாக்கியும் பார்த்தார். மின்னூட்டம் நிற்க வழியில்லாத அந்த நிலையிலும் பிடி தளரவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் வெற்றிடக் கதை வகுப்பறைகளில் உலவுவது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மையான விளக்கம் அதைவிடப் பல மடங்கு அழகானது.

கணக்குப் போட்டும் வெற்றிட விளக்கத்தை மறுக்கலாம். உறிஞ்சிப் பிடிக்கும் எதுவும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்ட முடியாது. அதாவது சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 0.1 நியூட்டன். பல்லியின் காலில் உள்ள நுண்மயிர்களோ, எல்லாமும் ஒருசேரப் பிடித்தால், சதுர மில்லிமீட்டருக்கு 2.8 நியூட்டனுக்கு மேல் தாங்கக்கூடியவை.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழும் டோக்கே என்ற பெரிய பல்லிதான் இந்த ஆய்வுகளின் நாயகன். அதன் விரலடியில் குறுக்குக் குறுக்காகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன: சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 14,400. நான்கு கால்களிலும் சேர்த்து 65 லட்சம். ஒரு மயிரின் நீளம் சுமார் 110 மைக்ரோமீட்டர். அதன் நுனி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் 200 நானோமீட்டர் அகலமுள்ள தட்டையான கரண்டி முனையில் முடிகிறது. எல்லாமே கெரட்டின், நம் நகத்துக்கு உறவான பொருள். பசை சுரக்கும் சுரப்பி எதுவும் அங்கே இல்லை.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கெல்லர் ஆட்டமும் ராபர்ட் ஃபுல்லும் அவர்களது குழுவினரும் ஒரே ஒரு நுண்மயிரைப் பிரித்தெடுத்து, மெல்லிய கம்பி முனையில் ஒட்டி, நுண்மின்னணு விசையுணரி மேல் வைத்து அளந்தார்கள். தொடக்கத்தில் எதிர்பார்த்த விசை கிடைக்கவில்லை. வெறும் உராய்வு அளவுக்குத்தான் வந்தது. மயிரைச் சரியான திசையில் திருப்பி வைக்காததுதான் காரணம். கரண்டி முனைகள் பரப்பைப் பார்க்கும்படி வைத்து, முதலில் லேசாக அழுத்தி, பிறகு 5 மைக்ரோமீட்டர் தூரம், விரல் நுனியிலிருந்து உள்ளங்கால் பக்கமாக இழுத்தபோது, ஒற்றை மயிர் சராசரியாக 200 மைக்ரோநியூட்டன் தாங்கியது. அழுத்தமும் இழுப்பும் இரண்டும் வேண்டும். வெறுமனே தொட்டால் ஒட்டாது.

65 லட்சத்தை 200 மைக்ரோநியூட்டனால் பெருக்கினால் 1,300 நியூட்டன், சுமார் 130 கிலோ எடை. முழுப் பல்லியை வைத்து அளந்தபோது இரண்டு முன்னங்கால்களும் சேர்ந்து சுமார் 20 நியூட்டன் தாங்கின. அந்த இரண்டு கால்களின் முழுத் திறனில் இது 3 சதவீதம்தான். இவ்வளவு மிகை எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். சுண்ணாம்புச் சுவரிலும் மரப்பட்டையிலும் மேடுபள்ளம் அதிகம். பெரும்பாலான மயிர்களுக்குத் தொட இடமே கிடைக்காது. தூசி படிந்த இடங்கள் வேறு. ஓடும்போது கால் வழுக்கினால் அந்த ஒரு நொடியில் பல மடங்கு விசை தேவைப்படும்.

சரி, பிடிப்பது எது? இரண்டு பரப்புகள் நானோமீட்டர் அளவில் நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே தோன்றும் வாண்டர்வால்ஸ் விசை. நம் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாலும் அந்த விசை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உண்மையில் அவ்வளவு நெருக்கமாகத் தொடும் புள்ளிகள் மிகச் சில. நுண்மயிர் செய்யும் வேலை இந்த நெருக்கத்தை உண்டாக்குவது. கெரட்டின் கெட்டியான பொருள், அதன் மீள்மைக் குணகம் (விறைப்பைக் காட்டும் அளவு) ஒரு கிகாபாஸ்கலுக்கு மேல். அதே கெரட்டினைச் சாய்ந்த மெல்லிய மயிர்க்காடாக அமைத்தால், காடு மொத்தமாக 100 கிலோபாஸ்கலுக்கும் குறைவான குணகத்தோடு மென்மையாக வளைந்துகொடுக்கிறது. ஒட்டுநாடாக்களில் உள்ள பசையின் மென்மையும் ஏறக்குறைய இதுதான். பொருளை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றிப் பத்தாயிரம் மடங்கு மென்மை பெறும் இந்த இடத்தில் இயற்பியலும் உயிர்விசையியலும் கைகோக்கின்றன. வகுப்பில் பத்து நிமிடமாவது இதில் நில்லுங்கள்.

நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசைதான் காரணம் என்ற எதிர்வாதமும் இருந்தது. 2002-இல் அதே குழு, நீரை ஈர்க்கும் சிலிக்கான் டைஆக்சைடு பரப்பிலும், நீரை விலக்கும் காலியம் ஆர்சினைடு பரப்பிலும் பல்லி விரலை வைத்துப் பார்த்தது. பிடி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீர்தான் காரணம் என்றால் இரண்டாவதில் பிடி சரிந்திருக்க வேண்டும். ஈரப்பதத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. காற்றில் ஈரம் கூடினால் பிடியும் கூடுவதாக அளவீடுகள் காட்டுகின்றன. கெரட்டின் சற்று இளகிக்கொடுப்பது அதற்கு ஒரு காரணம். உலர்ந்த டெஃப்லானில் பல்லியால் நிற்க முடியாது, வழுக்கிவிடும்.

செத்த பல்லியைப் பற்றிச் சொன்ன பையனுக்கு என் வாழ்த்துகள். 2014-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் இதையே அளந்தார்கள். இறந்த பல்லியின் கால், உயிருள்ள கால் அளவுக்கே வலுவாகப் பிடித்தது. ஆக ஒட்டிக்கொண்டிருக்கத் தசை தேவையில்லை. உடல் எடை கீழே இழுக்கும் இழுப்பே மயிர்களைப் பூட்டி வைக்கிறது.

என் மனதில் பெரிய கேள்வி ஒட்டுவது பற்றியதல்ல. இவ்வளவு வலுவாக ஒட்டிய காலை, ஓடும்போது எப்படி எடுக்கிறது? விடுவிக்க அதற்கு ஆகும் நேரம் சுமார் 15 மில்லிநொடி. விடை கோணத்தில் இருக்கிறது. மயிர்த்தண்டு பரப்போடு 30 பாகை அளவைத் தாண்டியதும் பிடி தானே விட்டுப்போகிறது. பல்லி தன் விரல்களை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டுகிறது, நம் விரல்கள் மடங்கும் திசைக்கு நேர் எதிராக. ஒரு நேரத்தில் ஒரு வரிசை மயிர்கள் மட்டுமே கழல்வதால் வலிமை தேவைப்படுவதில்லை.

கையுறை பற்றி. 2003-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம் குழு (2010-இல் வேறொரு ஆய்வுக்காக நோபல் பெற்றவர்) பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் 2 மைக்ரோமீட்டர் உயரமுள்ள செயற்கை மயிர்களைச் செய்தது. நன்றாகவே ஒட்டியது. ஆனால் சில முறை ஒட்டி எடுத்ததும் மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கற்றையாகிவிட்டன. சுவரோடு ஒட்டவைக்கும் அதே வாண்டர்வால்ஸ் விசை பக்கத்து மயிரோடும் ஒட்டவைத்துவிடுகிறது. மயிரை நீளமாக, மெல்லியதாக, நெருக்கமாக ஆக்க ஆக இந்தச் சிக்கல் கூடும். குட்டையாக்கினால் மேடுபள்ளத்துக்கு வளையாது.

அளவு சிக்கல் தனி. உடலை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்கு, காலடிப் பரப்பு நான்கு மடங்குதான். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிற்றுண்ணி முதல் பல்லி வரை 225 இனங்களை ஒப்பிட்டு, மனிதன் பல்லிபோல் ஏற வேண்டுமானால் உடல் பரப்பில் 40 சதவீதம் ஒட்டும் திண்டாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஆனாலும் முடியவே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் 70 கிலோ எடையுள்ள ஒருவர், ஒரு கைக்கு 140 சதுர சென்டிமீட்டர் ஒட்டுத்தகட்டோடு செங்குத்தான கண்ணாடியில் ஏறிக் காட்டினார். தகட்டைச் சிறு ஓடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சம பாரம் ஏற்கும்படி சிறப்பு வில்சுருள் வைத்ததுதான் அவர்களது வெற்றி. சாதாரணமாகப் பெரிய தகட்டில் ஒரு மூலை மட்டும் அதிக பாரம் ஏற்று முதலில் கழன்று, மற்றவை தொடர்ந்து கழலும். ஒன்று கவனிக்க: அது சுத்தமான கண்ணாடி. காரைச் சுவரில் அந்தக் கையுறை உதவாது.

இனி சோதனை. கோணம் எப்படி விசையை ஆளுகிறது என்பதைச் செல்லோடேப்பில் அளக்கலாம். விளிம்பு தேய்த்த, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடித் துண்டு ஒன்று. சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். 24 மில்லிமீட்டர் அகல டேப்பை அதன் அடிப்பக்கத்தில் 10 சென்டிமீட்டர் ஒட்டி, 5 சென்டிமீட்டர் வாலாகத் தொங்க விடுங்கள். வாலை மடித்து, கிளிப்பில் காகிதக் கப் மாட்டி, மணலைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கண்ணாடி கிடைமட்டமாக இருந்தால் உரிப்புக் கோணம் (θ) 90 பாகை. கண்ணாடியைச் சாய்த்து, வால் தாழ்ந்த முனையில் தொங்கும்படி வைத்தால் கோணம் குறையும். செங்குத்திலிருந்து கண்ணாடி எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ அதுவே உரிப்புக் கோணம். விசை 1 − cos θ-வுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்கிறது கெண்டாலின் சமன்பாடு. 90 பாகையில் ஒரு பங்கு என்றால் 60-இல் இரண்டு பங்கு, 30-இல் ஏழரைப் பங்கு. 30 பாகைக்கு கப் போதாது, சிறிய வாளி வேண்டும். கீழே துணி விரித்து வையுங்கள்.

எண்கள் தாறுமாறாக வந்தால் பெரும்பாலும் வேகம்தான் குற்றவாளி. டேப்பை வேகமாக உரித்தால் விசை கூடும், மெதுவாக என்றால் குறையும். ஆகவே “உரியத் தொடங்கும் எடை” என்று எதுவும் தெளிவாகக் கிடைக்காது. ஒரு நிமிடத்தில் 2 சென்டிமீட்டர் உரியும் எடையைக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய டேப் துண்டு. விரல் எண்ணெய் பட்டதைத் திரும்ப ஒட்டக் கூடாது. டேப் பசையால் ஒட்டுவது, தொட்டதும் பிடிக்கும், எந்தத் திசையிலும் பிடிக்கும். பல்லியின் மயிர் அப்படி அல்ல என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பல்லியைப் பிடிக்க வேண்டாம். வாலை உதிர்த்துவிடும், அந்த வாலில்தான் அதன் சேமிப்புக் கொழுப்பு இருக்கிறது. இரவில் வெளி விளக்கு எரியும் ஜன்னல் கண்ணாடிக்கு அதுவே வரும். அறை விளக்கை அணைத்து, எல்.இ.டி. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, உள்ளிருந்து கைபேசியில் நொடிக்கு 240 படம் வேகத்தில் எடுங்கள். ஒரு படத்துக்கு 4 மில்லிநொடி; விரல் சுருளும் நிகழ்வு மூன்று நான்கு படங்களில் சிக்கிவிடும். மின்னிணைப்பில் எரியும் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கும்.

அந்தப் படங்களில் மாணவர்கள் பார்க்க வேண்டியது பின்னங்கால்களை. பல்லி தலைகீழாக இறங்கும்போது பின்பாதங்கள் திரும்பி விரல்கள் மேல்நோக்கி நிற்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் நான்கு பாதங்களின் விரல் திசையை அம்புக்குறியாக வரையச் சொல்லுங்கள். ஏன் திருப்புகிறது என்பதை, ஒற்றை மயிரை இழுத்த திசையை வைத்து அவர்களே விளக்கட்டும்.