வாசகர் கேள்வி–பதில்: கிழங்கும் பிறையும் அத்திமரமும்

'சிதைவுகள்' நாவலில் ஒகொன்க்வோ மனைவியை அடித்ததும் பூமித்தெய்வத்தின் பூசாரி வந்து அபராதம் போடுகிறார். பெண்ணை அடித்ததற்கான தண்டனையா அது? – ஒரு வாசகர், திருநெல்வேலி

அப்படித் தோன்றும். ஆனால் இந்த அபராதம் அடித்ததற்கு அல்ல. அடித்த வாரம்தான் குற்றம். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958இல் எழுதி, என்.கே. மகாலிங்கம் தமிழில் தந்த இந்த நாவலில், விதைப்புக்கு முன் ஒரு வாரம் 'அமைதி வாரம்'. அந்த நாட்களில் அக்கம்பக்கத்தாரிடம் கடுஞ்சொல்கூடக் கூடாது. அதை மீறினால் 'ஆனி' என்னும் பூமித்தெய்வம் விளைச்சலைத் தராமல் போகலாம். பட்டினி கிடப்பது மீறியவன் மட்டுமல்ல, ஊர் முழுவதும். அதனால்தான் பூசாரி, விருந்தினருக்கு மரியாதையாக ஒகொன்க்வோ நீட்டிய கோலாக்கொட்டையைக்கூடத் தொடுவதில்லை. அபராதம் அங்கேயே சொல்லப்படுகிறது: ஒரு பெட்டை ஆடு, ஒரு கோழி, ஒரு துண்டு துணி, நூறு சோழி.

இதை 'இயற்கை வழிபாடு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் கட்டுரைகள் ஏராளம். ஆனியை அந்த ஊரின் சட்டப் புத்தகமாக வாசித்துப் பாருங்கள், கதை வேறு மாதிரி விரியும். இழவு வீட்டில் ஒகொன்க்வோவின் துப்பாக்கி தவறி வெடித்து ஒரு பையன் சாகிறான். தெரியாமல் செய்த கொலை, ஆகவே ஏழு ஆண்டு ஊர் விலக்கு. மறுநாள் அவன் வீட்டை இடித்து எரிக்க வருகிறவர்களில் அவனுடைய உயிர் நண்பனும் உண்டு. அவர்களுக்கு அவன்மேல் பகை எதுவும் இல்லை. மண்ணில் பட்ட தீட்டைக் கழிக்க வந்தவர்கள். கடைசியில் அவன் தூக்கில் தொங்கும்போது சொந்த ஊரார் உடலைத் தொடக் கூடாது, அந்நியர்தான் இறக்கிப் புதைக்க வேண்டும். தற்கொலையும் மண்ணுக்கு எதிரான குற்றமே. முதலில் வந்த நூறு சோழியையும் இந்தக் கடைசிக் காட்சியையும் சேர்த்துப் படியுங்கள்.

அதே நாவலில் மழை பொய்த்த பகுதி புரியவில்லை. சில வாரம் வெயில் அடித்தால் மொத்தப் பயிரும் போகுமா? – கல்லூரி மாணவி, புதுக்கோட்டை

முதலில் வாரக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். கதையில் வரும் இக்போ மக்களின் வாரத்துக்கு நான்கே நாள்: ஏக்கே, ஓயே, அஃபோ, இன்க்வோ. நான்கும் சந்தைகளின் பெயர்கள். வறட்சி எட்டுச் சந்தை வாரம் நீடித்தது என்றால் 32 நாள். ஏழால் பெருக்கி 56 என்று கொண்டால் மற்ற எல்லாக் கணக்கும் பிசகும்.

அடுத்தது பயிர். இது நம் சேனை போன்றதல்ல. ராசவள்ளி, காச்சில் வகையைச் சேர்ந்த கொடிக்கிழங்கு. மண்ணைக் கும்பல் கும்பலாகக் குவித்து, ஒவ்வொன்றிலும் விதைக்கிழங்கு வைப்பார்கள். கொடி ஓடத் தொடங்கியதும் முதலில் சிறு குச்சி, பிறகு உயரமான கிளை நட வேண்டும். இடையில் பெண்கள் சோளம், அவரை, முலாம்பழம் போடுவார்கள். களை மூன்று முறை, அததற்கு உரிய பருவத்தில்.

ஒகொன்க்வோ முதல் மழையை நம்பி 400 விதைக்கிழங்கை ஊன்றிவிட்டான். மழை நின்றதும் மண் தணலாகக் கொதிக்கிறது. கிழங்கு வேகாமல் இருக்க, தடித்த நார்க்கற்றாழை இலைகளை வளையமாக்கிக் கும்பல்களைச் சுற்றி வைக்கிறான். பகல் முடிவதற்குள் அவை கருகிவிடும்; தினமும் மாற்றுகிறான். பயனில்லை. மீதம் இருந்தது ஊர்ப் பணக்காரர் நவாக்கிபியே கொடுத்த 800, அப்பாவின் நண்பர் ஒருவர் கொடுத்த 400. விளைச்சலைப் பங்கு பிரித்துக்கொள்ளும் பேச்சில் வாங்கியவை. அவற்றை நட்டபோது மழை வெறிபிடித்துக் கொட்டிக் கும்பல்களையே அடித்துப் போனது. ஆனியின் பெயரைச் சொன்னால் அந்த ஊர் ஏன் நடுங்குகிறது என்பதற்கு இந்த ஒரு பருவம் போதும்.

அச்செபேயின் மூன்றாவது நாவலில் ஒரு பூசாரி ஊர் முழுவதையும் பட்டினி போடுகிறார். ஒரு தனிமனிதருக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது? – ஒரு வாசகர், கோவை

நாட்காட்டி அவர் கையில் இருப்பதால். 1964இல் வந்த அந்த 'Arrow of God' நாவலில் எசெயுலு, உலு தெய்வத்தின் தலைமைப் பூசாரி. ஒவ்வொரு புதுப்பிறை கண்டதும் ஒரு புனிதக் கிழங்கைச் சுட்டுத் தின்பார். கிழங்கு தீர்ந்தால் ஆண்டு முடிந்தது. புதுக்கிழங்கு விழா அறிவிக்கலாம், ஊரார் அறுக்கலாம். வெள்ளை அதிகாரி அவரை ஒக்பெரி என்ற ஊரில் அடைத்து வைத்ததால் இடையில் வந்த பிறைகள் தப்பிவிட்டன. அந்தக் கிழங்குகள் அப்படியே மிச்சம்.

பெரியவர்கள் வந்து கேட்கிறார்கள்: மிச்சத்தை இன்றே தின்றுவிடுங்கள், பாவம் எங்கள் தலையில். அவர் மறுக்கிறார். மண் இறுகுகிறது, கிழங்கு தரையிலேயே கெடுகிறது. அந்த நேரம் பார்த்து, சர்ச்சுக்குக் காணிக்கை வைத்துவிட்டு அறுப்பவர்களை உலு தொடமாட்டார் என்று உபதேசியார் அறிவிக்கிறார்.

வாசகர்கள் தவறவிடும் ஒன்று: உலு ஆதியிலிருந்து இருந்த தெய்வமல்ல. அபாம் படையின் இரவுக் கொள்ளைக்குப் பயந்து ஆறு ஊர்கள் கூடிச் செய்துகொண்ட தெய்வம். பக்கத்து ஊர் அநிந்தாவில் தெய்வம் சரிவராதபோது எல்லைக்குத் தூக்கிச் சென்று கொளுத்திய செய்தியும் நாவலிலேயே வருகிறது. மக்களுக்குப் பயன்படும்வரைதான் தெய்வம் என்ற இந்த ஒப்பந்தம் எசெயுலுவுக்கு மறந்துபோனது என்பதே என் வாசிப்பு.

இறந்து இறந்து பிறக்கும் குழந்தை எல்லா நைஜீரியக் கதையிலும் வருகிறதே? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

அப்படிப்பட்ட குழந்தைக்கு இக்போக்களிடம் ஒக்பான்ஜே என்று பெயர், நைஜீரியாவின் இன்னோர் இனமான யொரூபாக்களிடம் அபிகு. 'சிதைவுகளில்' ஒகொன்க்வோவின் மனைவி எக்வேஃபி பெற்ற பத்தில் ஒன்பது போய்விட்டன. மிஞ்சிய எசின்மா எங்கோ புதைத்து வைத்த கல்தான் அவளை மறு உலகோடு கட்டியிருக்கிறது என்று நம்பி, ஆரஞ்சு மரத்தடியில் ஆழக் குழி தோண்டுகிறார்கள். அழுக்குத் துணியில் சுற்றிய வழவழப்பான கூழாங்கல் கிடைக்கிறது. பிறகும் அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. இலையும் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்து, பாய் போர்த்தி வேது பிடிக்கிறார்கள். பானை பொங்கி வழிந்தால் மருந்தின் சக்தி போய்விடும் என்று எச்சரிக்கிறான் அப்பன் ஒகொன்க்வோ. ஊர் அஞ்சும் மல்லன் அடுப்படியில் நிற்கும் இடம் இது. அரிவாள் செல் சோகையே இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

'அபிகு' என்ற ஒரே தலைப்பில் வோலே சொயிங்காவும் ஜே.பி. கிளார்க்கும் கவிதை எழுதியிருக்கிறார்கள். கிளார்க்கில் வீட்டார் தங்கிவிடு என்று கெஞ்சுகிறார்கள். சொயிங்காவில் குழந்தையே பேசி ஏளனம் செய்கிறது. இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள்.

கென்யா எழுத்துகளில் வரும் முகுமோ மரம் எது? – ஒரு வாசகர், நாமக்கல்

காட்டு அத்தி. கிக்கூயு மக்களுக்குக் கடவுளின் மரம். கூகி வா தியாங்கோவின் 1965 நாவலான 'The River Between'இல் புனித மலையில் நிற்பது இதுதான். இதற்கு விளக்கம் வேண்டுமானால் 2004இல் நோபல் பெற்ற வங்காரி மாத்தாயின் தன்வரலாறான 'Unbowed'ஐப் பாருங்கள். அந்த மரத்தில் சுள்ளி பொறுக்கக் கூடாது என்று அம்மா சொல்வார். அத்தியின் வேர் பாறையைத் துளைத்து நிலத்தடி நீரைத் தொடும்; நீர் வேர்வழியே மேலேறிப் பள்ளத்தில் ஊற்றாகும்; சரிவு மண்ணையும் பிடித்துவைக்கும். பின்னாளில் தேயிலைக்கு இடம் வேண்டி மரத்தை வெட்டினார்கள். சிறுவயதில் அவர் தலைப்பிரட்டைகளோடு விளையாடிய ஓடை வற்றிப்போனது.

ஆப்பிரிக்க எழுத்தில் காடும் நதியும் மட்டும்தானா? – ஒரு வாசகர், சேலம்

பாலைவனமும் உண்டு. லிபியாவின் துவாரெக் என்ற பாலைவன இனத்தைச் சேர்ந்த எழுத்தாளர் இப்ராஹிம் அல் கோனி, 1990இல் அரபியில் வெளியிட்ட நாவலில் (ஆங்கிலத்தில் 'The Bleeding of the Stone') காட்டுச் செம்மறியே புனித உயிர். பாறை ஓவியங்களுக்கு அருகே ஆடு மேய்க்கும் அசூஃபிடம் அதன் இருப்பிடத்தைக் கேட்டு வேட்டைக்காரர்கள் வருகிறார்கள். அளவில் சிறியது, ஆனால் குர்ஆன், பைபிள், சூஃபி மேற்கோள்கள் இடையிடையே வருவதால் மெதுவாகவே நகரும். அச்செபேயை முடித்துவிட்டு எடுங்கள்.