நெல் ரகம் பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?

இலைநுனியைக் கத்தரிக்கும் முறையைத்தான் பரிந்துரைப்பேன். கிருமிக் கலவையைத் தெளித்தால் எல்லா இலையிலும் அது சமமாக நுழையாது.

பெப்டோன் சுக்ரோஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 28 டிகிரி செல்சியஸில் 2–3 நாள் வளர்த்த சாந்தோமோனாஸ் ஒரைசேயை (இந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியா), மில்லிலிட்டருக்கு 10 கோடி முதல் 100 கோடி செல் இருக்குமாறு தூய நீரில் கலக்குங்கள். கலவையை உடனே பயன்படுத்துங்கள். தூர் கட்டும் உச்சப் பருவத்தில், முழுதாக விரிந்த மேல் இலைகளின் நுனியில் 2–3 செ.மீ. வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தரிக்கோலைக் கலவையில் முக்க வேண்டும். வெயில் தணிந்த மாலை நல்லது. 14ஆம் நாள் கருகலின் நீளத்தை அளவிடுங்கள். 5 செ.மீ.க்குள் இருந்தால் எதிர்ப்பு, 15ஐத் தாண்டினால் நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகம் என்பது பரவலான அளவுகோல்.

டிஎன்1 போன்ற தாங்காத ரகத்தைக் கட்டாயம் கூடவே நடுங்கள். அதிலேயே கருகல் நீளவில்லையென்றால் கிருமி வீரியம் இழந்திருக்கலாம். அந்தச் சோதனையை ஒதுக்கிவிடுங்கள். வெறும் நீரில் முக்கி வெட்டிய இலைகளும் வேண்டும், வெட்டியதால் நுனி காய்வதை நோயென்று எண்ணாதிருக்க.

நாற்றில் மட்டும் சோதித்து ரகத்தைக் கழித்துவிடாதீர்கள்: எக்ஸ்ஏ21 மரபணுவின் எதிர்ப்பு வளர்ந்த பயிரில்தான் முழுமையாக வெளிப்படும். ஒரே கிருமி வகையை நம்புவதும் ஆபத்து. ஒரு வகையைத் தடுக்கும் மரபணு இன்னொன்றிடம் தோற்கும். உங்கள் பகுதியிலிருந்து பிரித்தெடுத்த பல வகைகளைத் தனித்தனியே செலுத்துங்கள், கலந்து அல்ல.