பழைய ஸ்விஃப்ட் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்ட முதலில் எதை மாற்றுவது?

தண்டையார்பேட்டையில் இருக்கும் நீங்கள், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் உங்கள் பழைய ஸ்விஃப்ட்டை ஓட்டுவதற்காக எஞ்சின் சக்தியைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முதலில் பிரேக்கைக் கவனியுங்கள்.

அங்கே ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கி.மீ. நேர்ப்பாதையில் எடுத்த வேகத்தை ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அடக்கும்போது பிரேக் சூடேறி, பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பிரேக் எண்ணெய் கொதித்துவிடக்கூடும். அதில் உண்டாகும் ஆவிக்குமிழிகள் அழுத்தினால் சுருங்கிவிடும். பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது! நினைத்தாலே வயிறு கலங்குகிறது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் எண்ணெயின் தரங்கள். புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்றோ இரும்புக் குழாய்களை அரிக்கும். ஆகவே எண்ணெயை முழுதாக மாற்றி, வெப்பம் தாங்கும் பிரேக் பேடுகளைப் பொருத்தி, குழாய்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது நல்ல டயர். சஸ்பென்ஷன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த வட்டாரம் நம்முடையது. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அதே காரில் தினமும் சாலையில் போவதென்றால், பதிவுச் சான்றுக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எஞ்சினைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.